என் லாரியை எடுத்தது யார்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு இரும்புக் குழாய் ஏற்றிக்கொண்டு மலைப்பாதை முழுக்க ஏறி இறங்கினேன். ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் வளைவில் உள்ளங்கை வியர்த்துவிட்டது. மாடிப்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவள் பத்துச் சக்கர லாரியை மலையேற்றுகிறாள் என்றால் யார் நம்புவார்கள். நம்ப வேண்டாம்.

பேத்தி ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன் பழக்கிவிட்டுப் போனாள். குருவி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், வாய் மூடாது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து ஆடுகிற ஆட்டமாம் இது. பெட்டி எதற்கு, மாதச் சந்தா கட்டினால் கம்ப்யூட்டரிலேயே வரும் என்றாள். அவள் அப்பன் பெயரில் ஒரு கணக்கு, கையில் பிடித்துத் திருப்ப ஒரு பிடி, அவ்வளவுதான். லாரி நம் வீட்டில் இல்லையாம். எங்கேயோ ஒரு பெரிய மெஷினில் ஓடுகிறதாம், நெட் வழியாக நமக்குப் படம் வருகிறதாம், நான் இங்கே திருப்பினால் அங்கே திரும்புமாம். சரி போ என்றேன். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவளுக்கு வாடகை லாரி என்ன புதுசு.

அவரும் லாரி ஓட்டியவர்தான், என்னைக் கட்டியவர். கட்டின நாளிலிருந்து கண்ணை மூடின நாள் வரை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பக்கத்துச் சீட்டில் என்னை ஏற்றியதில்லை. பொம்பளை ஏறினால் வண்டி விளங்காதாம். கிளீனர் ஏறினான். அவர் தம்பி ஏறினான். வழியில் கை காட்டினவனெல்லாம் ஏறினான். ஒரு தடவை ஆடு ஏறியது. ஆட்டைவிடக் கேடாகப் போனேன்.

இப்போது நானே ஓட்டுகிறேன். விளங்கத்தான் செய்கிறது.

மார்ச் 6, வியாழன்

இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் கண் போய்விடும் அத்தை என்றாள் மருமகள். போனால் என் கண்.

மார்ச் 11, செவ்வாய்

எதிரே பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். காலையெல்லாம் தூசி, சத்தம். இன்ஜின் சத்தமே காதில் விழவில்லை. அதனால் ஓட்டுகிற நேரத்தை மதியத்துக்கு மாற்றினேன். மதியம் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறேன். திரை கறுத்தது. இங்கிலீஷில் ஏதோ ஒரு கட்டம். லாரியைக் காணோம். ஆற்றில் விழுந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். போனில் படம் பிடித்துக் குருவிக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள்.

“நம்ம கணக்குல வேற யாரோ உள்ள வந்திருக்காங்க பாட்டி. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் ஆட முடியும். அவங்க உள்ள வந்தா நீ வெளிய.”

கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். எனக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு என்றாள். குருவி என்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். மகன் ஆபீஸில். மிச்சம் யார்?

மார்ச் 12, புதன்

நேற்று பாலத்தின் நடுவில் விட்டுவிட்டு வந்த லாரி. இன்று திறந்தால் பனிமலையில் நிற்கிறது. டீசல் இல்லை. முன் கண்ணாடியில் விரிசல். இடதுபக்க இண்டிகேட்டரை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள், அது பாட்டுக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது, திரும்பவே வழியில்லாத இடத்தில்.

பல் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்குச் சீட்டுப் போடுகிற வேலை மருமகளுக்கு. முன்னால் எப்போதும் ஒரு கம்ப்யூட்டர். மதியத்தில் பல் காட்ட யார் வருவார்கள்? இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று என் தகரப் பெட்டியை என்னைக் கேட்காமல் பரணில் ஏற்றினவள்தானே. கேட்டதற்கு, இடம் அடைக்கிறது அத்தை என்றாள். பெட்டி போய் இப்போது லாரி.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் தள்ளிவிட்டாள். அதே நேரம்.

மார்ச் 14, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். கீழ்வீட்டு டெய்லர் தைத்த துணியைக் கொடுக்க வந்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வேற்று ஆள் இருக்கும்போது கேட்கக்கூடாதுதான். இருந்தால்தான் பதில் வரும் என்றும் தோன்றியது.

“அங்க உக்காந்து பல்லு புடுங்க வர்றவங்களுக்குச் சீட்டுப் போடுறியா, இல்ல என் லாரியைப் புடுங்குறியா?” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சொன்னாள், அந்தப் பிடியை எப்படிப் பிடிக்கிறதென்றே எனக்குத் தெரியாது அத்தை என்று. எல்லாத் திருடியும் அப்படித்தான் சொல்வாள் என்றேன். திருடி என்ற சொல் என் வாயில் வந்துவிட்டது. வந்ததை விழுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் தண்ணி குடு என்றான்.

டெய்லர் அப்புறம் வருகிறேன் என்று நழுவினாள். நாளைக்கு நாலு மாடிக்கும் தெரியும். தெரியட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மதியம் முழுக்க ஓட்டினேன். யாரும் தள்ளிவிடவில்லை. இரண்டு பேரும் வீட்டில். மகன் தூங்கினான், அவள் என்னிடம் பேசாமல் துணி மடித்தாள். என் கண் முன்னால் இருந்தால் அவளால் முடியாதல்லவா. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் 18, செவ்வாய்

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் பால்கனியில் நின்றேன். மகன் ஸ்கூட்டரில் வந்தான். கேட்டுக்குள் திரும்பி, வண்டியை அணைக்காமலே வாட்ச்மேனிடம் நின்று பேசிக்கொண்டிருந்தான். இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. இடதுபக்கம். என் பக்கத்தில் வந்து நின்ற மருமகள் வழக்கம்போல மேலிருந்து குரல் கொடுத்தாள், இண்டிகேட்டரை அணைங்க என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதையே சொல்கிறாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏசி ரிப்பேர் கம்பெனியில் வேலை அவனுக்கு. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற வேலை. சட்டைக் காலரில் கரி இல்லாமல் ஒரு நாள் வந்ததில்லை, துவைக்கப் போடும்போதெல்லாம் திட்டுவேன். கொஞ்ச நாளாகத் திட்டவே இல்லையே நான். காலர் போட்டுக்கொண்டு போன மாதிரியே திரும்பி வருகிறது. ஊரார் செய்தது எல்லாம் தேதியோடு ஞாபகம் வைத்திருக்கிறவள், கையில் கசக்குகிற சட்டையைப் பார்க்கவில்லை.

மதியத்தில் லாரி ஓட்டுகிறவனுக்கு ஆபீஸ் ஏது?

மார்ச் 19, புதன்

வேண்டுமென்றே அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன். தள்ளிவிட்டான். கட்டத்தில் இடதுபக்கப் பட்டனை அமுக்கினால் திரும்ப உள்ளே போகலாம் என்று குருவி சொல்லியிருந்தாள். அமுக்கினேன். இப்போது அவன் வெளியே. கொஞ்ச நேரத்தில் நான் வெளியே. திரும்ப அமுக்கினேன். பெற்றவளும் பிள்ளையும் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம், அவன் எங்கேயோ, நான் இங்கே. கடைசியில் அவன் விட்டுவிட்டான்.

போனில் கூப்பிட்டேன். வேலையாக இருக்கிறேன் அம்மா என்றான்.

“அடுத்த தடவை இண்டிகேட்டரை அணைச்சுட்டுப் போடா” என்றேன்.

வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

மருமகள் வருவதற்கு முன்பே வந்தான். என் கட்டில் காலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான், பரீட்சையில் தோற்று வந்தபோது உட்கார்ந்த மாதிரி.

கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். பழைய ஆட்களை வேண்டாம் என்றுவிட்டார்களாம். குருவியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த மறு வாரமே. தினமும் கிளம்பிப்போய் சிநேகிதனுடைய செல்போன் ரிப்பேர் கடை மாடியில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் வேலை தேடுகிறானாம். மதியம் தலை வெடிக்கிறதாம், அப்போதுதான் லாரி. நான் காலையில் மட்டும்தான் ஓட்டுவேன் என்று நினைத்தானாம். அவளிடம் சொல்லாதே, வேலை கிடைத்ததும் நானே சொல்கிறேன் என்றான்.

“அவளைத் திருடின்னேன். நீ தண்ணி கேட்ட.”

அவன் எழுந்து முகம் கழுவப் போனான்.

வண்டி கவிழ்ந்த அன்று அவன் அப்பாவும் இப்படித்தான். தூங்கினது இவர், பழி கிளீனர் மேல். அந்தப் பையன் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

மருமகளிடம் சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. வீட்டில் ஒருத்தி சம்பளம் என்று தெரிந்தால் முதலில் எதை நிறுத்துவாள்? கிழவியின் லாரியைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் நிறுத்துவேன்.

மார்ச் 22, சனி

சொல்லவில்லை. மதியம் லாரி எடுத்தேன். யாரும் தள்ளிவிடவில்லை. வாயை மூடிக்கொண்டதற்குக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. ரோடு நன்றாகவே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவனுடைய ஆபீஸ் சட்டைகள். வாரத்துக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே போட்டு வைப்பாள். காலரைத் திருப்பித் தண்ணீர் தெளித்து, நுனியை விரலால் நீவி நீவி அழுத்துகிறாள். இல்லாத ஆபீஸுக்கு எதற்கடி இத்தனை மடிப்பு? பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகன் குழாய்க்கு வாஷர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். லாரியை எடுத்தது நீ இல்லை, அவன்தான் என்றும் சொன்னேன். மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். போட்டு முடித்த சட்டையை ஹேங்கரில் மாட்டினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“திருடின்னு சொல்றப்ப டெய்லரக்கா நின்னாங்க. இல்லைன்னு சொல்றதுக்கு மட்டும் யாரும் இல்லாத நேரமாப் பாத்து வர்றீங்க அத்தை.”

ஹேங்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 24, திங்கள்

நேற்று அவர்கள் அறைக் கதவு சாத்தியே இருந்தது. அவள் குரல் ஏறவே இல்லை. அவன் குரல்தான் ஏறியது.

காலையில் என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னான், உன்னால் ஒரு மாசம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதா என்று. பத்து மாசம் சுமந்த வாய் இது இல்லையடா, வயிறுதான் சுமந்தது, வாய் எப்போதும் இப்படித்தான். அவனிடம் சொல்லவில்லை. இதையும் மறக்கமாட்டேன், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மார்ச் 27, வியாழன்

சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனேன். டெய்லர் வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. துணி கொடுக்க வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கு என் மருமகளைத் திருடி என்றேனே, தப்பு, ஆட்டத்தில் லாரியை எடுத்தது என் மகன் என்றேன். நான் அப்பவே நினைச்சேம்மா என்றாள் டெய்லர். எதை நினைத்தாளோ. பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“மத்தியானத்துலயா? அவருக்கு ஆபீஸ் இல்லையா?”

மாடி ஏறிப் போயிருக்கலாம். காது கேட்காத மாதிரி நின்றிருக்கலாம், அந்த வயசு எனக்கு இருக்கிறது. மருமகளுக்குப் பேர் திரும்பிவர வேண்டுமென்றால் மகனுடைய மானம் போகவேண்டும். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பேன்?

“இல்ல” என்றேன்.

மெஷின் நின்றுவிட்டது. ஏறி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

மார்ச் 31, திங்கள்

மருமகள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். மகனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, குருவிக்கே தெரியாது. சந்தாவை நிறுத்தவில்லை. வேலைக்குப் போவதற்கு முன் கேட்டால் தானே அடித்துத் திறந்துவிடுவாளாம். குருவியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், நேரே சொல்லவில்லை.

கேட்டால்தானே. நான் யாரிடமும் கேட்டு வாழ்ந்தவள் இல்லை. கிடக்கட்டும் லாரி.

ஏப்ரல் 3, வியாழன்

மகன் பகல் முழுக்க வீட்டில். டிவி. என்னோடு பேசுவதில்லை. நானும் அவ்வளவுதான். மருமகள் ‘சாப்பிடுங்க’, ‘மாத்திரை’ என்று இரண்டு வார்த்தை பேசுகிறாள். மூன்று பேர், அவரவர் தட்டு, அவரவர் சுவர்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கேட்டேன்.

அவள் வந்து கடவுச்சொல்லை அடித்தாள். இடது கையால் மறைத்துக்கொண்டுதான். மறைக்கட்டும். நானும் பீரோச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்தவள்தான், என் மாமியார் கண்ணில் படாமல்.

லாரி பாதி வழியில் நான் நிறுத்தின இடத்திலேயே நின்றது. எடுக்கும்போது முதல் கியர் விழவில்லை, பழக்கம் விட்டுப்போய்விட்டது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகன் ஒரு இடத்துக்கு நேர்காணலுக்குப் போய்வந்தான். முகத்தைப் பார்த்தால் கேட்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது அவனாகவே என்னிடம் வாய் திறந்தான், இத்தனை நாளைக்குப் பிறகு. என்னவோ என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“அவ அடிக்கும்போது பாத்து வெச்சுக்கோம்மா. முதல் நாலு எழுத்து போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துபோனேன்.

ஏப்ரல் 16, புதன்

காலையில் கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள், உட்காராமல் நின்றபடியே அடித்தாள். இன்றைக்கு மறைக்கவில்லை. அவசரத்தில் மறந்தாளா, வேண்டுமென்றேதானா, தெரியாது. மகன் பல் தேய்த்துக்கொண்டு கதவோரம் நின்று என்னையே பார்த்தான்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.