ஒரே உறையில் இரண்டு காகிதம்

மார்ச் 4, செவ்வாய்

தூறல். முழங்கால் வலி பரவாயில்லை.

மனு, மூன்றாம் பக்கம் முடிந்தது. இலங்கையில் காணாமல் போனவர்களுக்காக, தமிழ்ச் சங்கத்தின் சார்பில், இந்தத் தொகுதியின் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினருக்கு. மதுரை நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்பதால் ஆங்கிலம் என் பொறுப்பு. ஒரு வரி நன்றாக அமைந்தது: "கண்டவர்கள் பயந்து பேசவில்லை, அந்த மௌனம் அதிகாரத்துக்கு வசதியாயிற்று."

காலை 8.10. எதிர்வீட்டு வால்டர் தன் கராஜ் கதவைக் கையால் தூக்கிக்கொண்டிருந்தார். ரிமோட் பழுது. போலீஸ் கார். கைவிலங்கு. மழையில் இருபத்தைந்து நிமிடம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கறுப்பர். முகவரியைச் சரிபார்த்தபின் விட்டார்கள்.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால். செருப்பு வரை மாட்டினேன். கதவைத் திறக்கவில்லை.

தெருத் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் சங்கச் செயலாளர் சுரேஷ், 7.58: "14-ம் நம்பர் கராஜ்ல யாரோ கறுப்பு ஆள். போலீஸுக்கு கால் பண்ணிட்டேன்." கட்டைவிரல்கள் ஒன்பது. ஒன்று என்னுடையது. எது வந்தாலும் படித்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் போடுவேன், அலுவலகத்தில் கோப்பில் சுருக்கொப்பம் இட்டதுபோல. இன்றும் சரியாகப் படிக்காமலே.

மார்ச் 5, புதன்

வெயில். பி.பி. மாத்திரை வாங்க வேண்டும்.

தபால்பெட்டி அருகே வால்டர். "உங்களை ஜன்னலில் பார்த்தேன், சார். புகார் கொடுக்கப் போகிறேன். பார்த்ததை எழுதித் தருவீர்களா?" கோபமே இல்லை. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது.

மகன் ரவி: "அப்பா, நீங்க கிரீன் கார்டுல இருக்கீங்க. சாட்சி, சைன் எல்லாம் நமக்கு எதுக்கு?"

"நாளைக்கு உனக்கும் நடக்கலாம்டா."

"நாம அப்படி இல்லப்பா."

எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

மனுவைப் பிழை திருத்த எடுத்தேன். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. மூடிவிட்டுச் சாட்சி வாக்குமூலம் எழுதினேன். ஒரு பக்கம், நான்கு பிரதி கிழித்து.

மார்ச் 9, ஞாயிறு

நூலகத்தில் சங்கக் கூட்டம். மனுவோடு வாக்குமூலமும் ஒரே உறையில் போகும் என்றேன்.

சுரேஷ்: "அங்கிள், அது ஹ்யூமன் ரைட்ஸ். இது சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். ஏன் மிக்ஸ் பண்றீங்க?"

நான்: "சொந்த வீட்டு வாசல்ல நிக்கிறவருக்கு விலங்கு போடுற நாடு, கொழும்புல போய் எந்த வாயால கேக்கும்? அவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"அங்கிளுக்குப் பேசக்கூட வருமா?" என்று யாரோ. சிரிப்பு.

சுரேஷ்: "என்னை மாட்டி விடுறீங்க அங்கிள்."

"உங்க மெசேஜோட என் கட்டைவிரலையும் எழுதியிருக்கேன். ஒரே உறை. இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க."

பின்வரிசையிலிருந்து ராணி அக்கா எழுந்து வந்தார். யாழ்ப்பாணம்; தம்பியை ராணுவம் கூட்டிப் போனது, இன்றுவரை தகவல் இல்லை. "என்ர தம்பியைக் கொண்டுபோகேக்க முழு ஒழுங்கையும், அந்தத் தெருச் சனமெல்லாம், பாத்துக்கொண்டு நிண்டது, ஐயா. ரெண்டையும் தாங்கோ." இரண்டிலும் கையெழுத்திட்டார். பிறகு ஆறு பேர். சுரேஷ் இல்லை.

மார்ச் 10, திங்கள்

வெயில். குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

வால்டரின் புகாருக்கு வாக்குமூலத்தின் ஒரு பிரதி கொடுத்தேன்; இரண்டு முறை படித்தார். கடைசி வரி: "நான் திரைக்குப் பின்னால் நின்றேன்." இது தேவையா என்றார். தேவை என்றேன்.

தபால் நிலையம் நான்கு மைல். ரவி வர மறுத்தான். வால்டர் கூட்டிப் போகிறேன் என்றார். கராஜ் ரிமோட் இன்னும் பழுதுதான். கதவை நான் தூக்கினேன். கையால், மெதுவாக. தெரு பார்க்கட்டும்.