மலைவளைவில் கைமாறிய ஸ்டியரிங்

செவ்வாய். நியூசிலாந்து வந்து பன்னிரண்டாம் நாள்.

ஏரியை ஒட்டி மலை ஏறும் வளைவில் என் கணவர் காரை ஓரங்கட்டினார். அவர் கை நடுங்கியது.

"ரெண்டு நாளாவே இப்படித்தான் இருக்கு. நீ ஓட்டுறியா?"

முப்பது வருடம் செம்பட்டியிலிருந்து தேங்காய் லாரி ஓட்டியவர். திண்டுக்கல்லுக்குள் நான் தனியாக கார் ஓட்டுவேன். அவர் உடன் வந்தால் சாவி என் கைக்கு வராது.

"பயமா இருக்குங்க."

"மெதுவாப் போ. நாந்தான் பக்கத்துல இருக்கேன்ல."

முதல் இரண்டு வளைவிலும் "பிரேக்கு, பிரேக்கு" என்றார். பிறகு சத்தமே இல்லை. பார்த்தால், தூங்கிப்போயிருந்தார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணே மூடாத மனிதர். பனிமலை தெரிந்தபோதும் எழுப்ப மனம் வரவில்லை.

இரவு சாப்பிடும்போதும் அவர் கை நடுங்கியது.

"ஊருக்குப் போனதும் டாக்டரப் பாத்துருவோம்" என்றேன்.

அவர் கார் சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "சரி. நாளைக்கும் நீயே ஓட்டு" என்றார்.