மேல்பக்கம் மட்டும் துரு

1952 செப்டம்பர் 8, திங்கள்

ஒன்பதாம் நம்பர் துப்பாக்கியில் மறுபடியும் துரு. நான்கு புள்ளி, கடுகளவு. போன வாரம் நான் துடைத்து எண்ணெய் போட்டுத் தாங்கியில் வைத்தபோது குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. என் கண்ணில் கோளாறா? இல்லவே இல்லை.

பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன் நான். ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு வீட்டு மாடியில் பன்னிரண்டு பழைய துப்பாக்கிகளைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்கத் தெரியாதா? அதற்காகத்தானே முதலாளி ரகுபதி எனக்கும் என் மனைவி சிலுவையம்மாளுக்கும் பின்கட்டில் அறை கொடுத்திருக்கிறார். ஊரைக் காலி செய்த வெள்ளைக்காரர்களிடம் அவர் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை அவை. சுடுவதற்கு இல்லை, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

எண்ணெயில்தான் ஏதோ இருக்கிறது. எண்ணெய் வாங்கி வருவது ஹபீபுல்லா பாய்.

செப்டம்பர் 10

டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். தையல் மெஷின் எண்ணெய் என்று சொல்லித்தான் கொடுத்தார். மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா? வாடை அடிக்கிற மாதிரியும் இருக்கிறது, அடிக்காத மாதிரியும் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து பாய் வந்து நின்றார்.

"இன்னா கஸ்பாரு, எண்ணெய மோந்துகினு கீற? தாளிக்கப் போறியா?"

சிரித்து வைத்தேன். பாய் இந்த வீட்டில் முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். சாமான் அறை, சாவிக்கொத்து எல்லாம் அவர் பொறுப்பு. துப்பாக்கி அறைக்கு இரண்டு சாவி: ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். ஐந்து வருஷமாக நாலு மணி டீயை இரண்டு பேரும் சேர்ந்துதான் குடிக்கிறோம். மனிதர் நல்லவர். ஆனால் நல்லவர் ஏன் பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நிற்க வேண்டும்?

செப்டம்பர் 13

முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே வந்தார். நேராக ஒன்பதாம் நம்பரிடம் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி இதுல துரு பார்த்தேன்னா, அதுக்கு யாரு காரணமோ அவங்க இந்த வூட்டுல இருக்க முடியாது கஸ்பார். நீயா இருந்தாலும் சரி."

நீயா இருந்தாலும் சரி — இந்த வயதில் சிலுவையை அழைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

செப்டம்பர் 15

ஊகம் போதாது, சோதனை வேண்டும். ஒர்க்‌ஷாப் சிநேகிதன் ஸ்டானிஸ்லாஸ் ஒரே தகட்டிலிருந்து ஆறு துண்டு வெட்டிக் கொடுத்தான். உப்புத்தாளால் தேய்த்து, நம்பர் போட்டு, மொட்டை மாடியில் கடலைப் பார்த்துத் தொங்கவிட்டேன். முதல் துண்டில் ஒன்றும் பூசவில்லை. இரண்டாவதில் தேங்காய் எண்ணெய். மூன்றாவதில் விளக்கெண்ணெய். நான்காவதில் பாய் கொடுத்த மெஷின் எண்ணெய். ஐந்தாவதில் வாஸ்லின். ஆறாவதில் மருந்துக்கடையில் களிம்புக்குப் போடும் ஆட்டு ரோமக் கொழுப்பு. மஞ்சளாக, பிசுபிசுவென்று, கிடா வாடையோடு இருக்கிறது. பெட்ரோலில் கரைத்துப் பூசினால் பெட்ரோல் பறந்துவிடும், கொழுப்பு மட்டும் மெல்லிய தோலாக நிற்கும்.

எதற்கு இதெல்லாம் என்று பாய் கேட்டார். "சும்மா" என்றேன்.

செப்டம்பர் 27, ஆயுத பூஜை

முதலாளியின் சம்சாரம் பட்டம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு மேலே வந்துவிட்டார். பன்னிரண்டு குழலுக்கும் பொட்டு வைக்கவேண்டுமாம்.

"சந்தனம்னா தண்ணிதானேம்மா. குழல்ல வெச்சா நாளைக்கே சிவந்துடும். கட்டையில வெச்சிக்கலாம்" என்றேன்.

"ஆயுதத்துக்குத்தானேப்பா பூஜை, கட்டைக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மரக்கட்டையில் வைத்தார். பன்னிரண்டுக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். அவரவர் சாமியை அவரவர் கும்பிடட்டும், என் இரும்பில் ஈரம் படக்கூடாது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 29

பதினான்கு நாள் ஆகிவிட்டது. ஒன்றும் பூசாத துண்டு இரண்டாம் நாளே சிவந்தது. தேங்காய் எண்ணெய் கெட்டுப் பிசினாகி ஓரமெல்லாம் துரு. (எனக்கு முன்னால் இங்கே எல்லாத் துப்பாக்கியின் குதிரைக்கும் விசைக்கும் தேங்காய் எண்ணெய்தான் விட்டிருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிரித்து எடுக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.) விளக்கெண்ணெய் ஊர்த் தூசியை எல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறது. வாஸ்லின் வெயிலில் இளகிக் கீழே இறங்கிவிட்டது. பாயின் மெஷின் எண்ணெய் ஒன்பது நாள் தாங்கி, பிறகுதான் வழிந்தது. கலப்படம் என்றால் ஒன்பது நாள் தாங்குமா? தாங்காது.

ஆறாவது துண்டு இன்று தேய்த்தது மாதிரி இருக்கிறது.

ஆக, பாய் கொடுத்த எண்ணெயில் குற்றம் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

அக்டோபர் 2

குழல்களுக்கு ரோமக் கொழுப்பு, துடைத்து மெல்லிசாக. விசைக்கு மட்டும் மெஷின் எண்ணெய், ஊசிமுனையில் ஒரு சொட்டு. முடிந்தது வேலை. இனி எவனும் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 13

ஒன்பதில் ஏழு புள்ளி. மூன்றிலும் ஐந்திலும் இரண்டிரண்டு.

மொட்டை மாடியில் கடல்காற்றில் ஆடும் தகடு பளபளக்கிறது. ஜன்னல் சாத்திய அறைக்குள், அதே கொழுப்பு பூசிய குழல் துருப்பிடிக்கிறது! இன்னொன்றையும் கவனித்தேன். புள்ளி எல்லாம் குழலின் மேல்பக்கம் மட்டும். அடிப்பக்கம் சுத்தம். காற்று என்ன மேல்பக்கம் பார்த்தா கடிக்கும்? இது காற்றின் வேலை இல்லை, ஆளின் வேலை.

சாவி இரண்டு. என்னுடையதைக் கழித்தால் மீதி ஒன்று.

அக்டோபர் 15

பிடித்துவிட்டேன். ஒன்பதாம் நம்பருக்கு நேர் மேலே சுவர்க்கடிகாரம். தினம் மத்தியானம் அதற்குச் சாவி கொடுப்பது பாய். தொழுகைக்கு முன்னால் வராந்தாக் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவுவார். இன்று படிக்கட்டிலிருந்து பார்த்தேன். இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட துப்பாக்கி அறைப் பக்கமாகத் திரும்பினார். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறது. கையைத் தூக்கிச் சாவி கொடுத்தால் முழங்கைத் தண்ணீர் எங்கே விழும்? நேராகக் குழல் மேல்.

இத்தனை நாள் இது எனக்குத் தோன்றாமல் போனதே! டீ குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20

முதலாளி பார்த்துவிட்டார். கத்தவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டார். கடிகாரத்தைச் சொன்னேன், ஈரக்கையைச் சொன்னேன்.

"நீ கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

குழாயடியில் பார்த்தேன்தானே. அது பொய்யா?

பாயைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "கஸ்பாரு பார்த்தேன்னு சொன்னா பார்த்திருப்பான். நான் ஒண்ணும் பேசல" என்றார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தார். சட்டைத் துணி இரண்டு, தொழுகைப் பாய், அவ்வளவுதான் மூட்டை. சடையங்குப்பத்தில் தங்கை வீடு இருக்கிறதாம்.

என் வீடு தப்பியது.

அக்டோபர் 21

சிலுவை கேட்கிறாள்: "பாய் அப்டி பண்ணுவாரா? நெசமாவே பார்த்தியா நீ?" உனக்கு என்ன தெரியும், வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன்.

நவம்பர் 3

மழை. நாலு மணிக்குத் தனியாக டீ.

நவம்பர் 10

ஒன்பதில் ஐந்து புள்ளி, புதுசு. மேல்பக்கம் மட்டும்.

பாய் போய் மூன்று வாரம். கடிகாரம் நின்றே மூன்று வாரம். அறைக்குள் போகிறவன் நான் ஒருவன்தான். அப்படியானால் யார் — முதலாளியா? என்னைத் துரத்த அவரே செய்கிறாரா? பட்டம்மாளா, சந்தனக் கோபத்திலா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

இன்னொன்று. எழுதவே பிடிக்கவில்லை. ஈரக்கை பட்டால் விரல் தீற்றலாக இருக்கும், முழங்கைத் தண்ணீர் என்றால் ஒரே இடத்தில் விழும். இது தெளித்த மாதிரி அங்கங்கே இருக்கிறது. இது போன மாதமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. பார்க்க விரும்பவில்லை.

நவம்பர் 15, சனி

மூலக்கொத்தளம் வரை போய்வருகிறேன் என்று சிலுவையிடம் சொல்லிவிட்டு, முதலாளியிடம் இருந்த பாயின் சாவியை வாங்கி, காலை பத்து மணியிலிருந்து துப்பாக்கி அறையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றுக்குப் பூட்டு திறந்தது. சிலுவை!

என் சாவி எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கும். அதை நான் ஒரு சாவியாகவே எண்ணிப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியிலிருந்து சின்ன மருந்துப் புட்டியை எடுத்தாள். விரலை நனைத்து, ஒவ்வொரு துப்பாக்கி மேலும் சிலுவைக் குறி போட்டுத் தெளித்தாள். ஒன்பதாவதுக்கு மட்டும் மூன்று தடவை. மாதா கோயில் தீர்த்தம்.

"இன்னாடி பண்றே?" என்று நான் கத்தியதில் புட்டியே விழுந்துவிட்டது.

"ஒம்போதாவதுல ஒரு ஆளு செத்தான்னு மொதலாளி ஆவணி மாசம் விருந்தாளிங்ககிட்ட சொல்லிகினு இருந்தாரு. நீ அத்த தெனம் மடியில வெச்சித் தடவிகினு கீற. உன் மேல ஒண்ணும் வந்துடக்கூடாதுன்னுதான்யா..." அழுதாள்.

தீர்த்தத்தில் உப்பு. சின்ன வயதில் பூசைப் பீடத்தில் சாமியாருக்கு உதவி செய்தவன் நான். சாமியார் உப்பை மந்திரித்துத் தண்ணீரில் போடுவதை நூறு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உப்புத்தண்ணீர்! எந்தக் கொழுப்பு தாங்கும் அதை? சந்தனத்தை நிறுத்தினேன், பாயின் கையைப் பார்த்தேன். என் வீட்டுப் புட்டியை நான் பார்க்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மனதில் பாவம் கிடக்க, நன்மை அப்பம் வாங்கவில்லை. சிலுவையும் வாங்கவில்லை.

நவம்பர் 19

அவள் சொல்கிறாள்: "நான் போய் சொல்லிடறேன் மொதலாளியாண்ட. பண்ணது நான்." நான் தடுக்கிறேன். தெளிப்பதை நிறுத்தியாகிவிட்டது, துருவும் நின்றுவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. பாய்க்கு வேறு வேலை கிடைத்திருக்கும்.

கிடைத்திருக்குமா? அறுபது வயதில்?

தண்ணீர் தெளித்தது வேண்டுமானால் அவளாக இருக்கலாம். "பார்த்தேன்" என்று சொன்னது நான்.

நவம்பர் 22

சொல்லிவிட்டேன். தீர்த்தம், குழாயடி, நான் பார்க்காதது, எல்லாம். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவரு கடைசியில எங்கப்பாவோட பாடையத் தோள்ல சுமந்தவரு. உன் ஒரு வார்த்தைக்காக அனுப்பிட்டேன்." பிறகு, "போய்க் கூட்டிகினு வா. அவரு வந்தா நீயும் இரு. வரலைன்னா நீயும் மூட்டையைக் கட்டு" என்றார்.

நவம்பர் 24

சடையங்குப்பத்தில் முழங்கால் வரை வெள்ளம். பாய் தங்கை வீட்டுக் கூரையில் ஓலை செருகிக்கொண்டிருந்தார். கீழே தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஓலையைச் செருகி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"தொழுதுட்டுதான்பா கடிகாரத்துக்கு சாவி குடுப்பேன். அதுக்குள்ள கை காஞ்சிப்பூடும். நீ என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அஞ்சு வருசம் டீ குட்ச்சோமே."

மன்னித்துவிடுங்கள், முதலாளி கூப்பிடுகிறார் என்றேன். தான் வராவிட்டால் என்ன ஆகும் என்று பாய் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன்.

"சிலுவையம்மா எங்க போவும்?" என்று தனக்குத்தானே சொல்வது மாதிரி சொன்னார். "சரி, வரேன்."

டிசம்பர் 1

பாய் வந்துவிட்டார். முதலாளி வாசலுக்கே போய் அழைத்து வந்தார். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். பாய் அதிலிருந்து துப்பாக்கி அறைச் சாவியை மட்டும் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

டிசம்பர் 6

புது மெஷின் எண்ணெய் வந்தது. பாய் மாடி வரைக்கும் ஏறி வந்தார். டப்பாவை அறை வாசலில் தரையில் வைத்தார். உள்ளே வாங்க பாய், குழலைப் பாருங்கள், ஒரு புள்ளி இல்லை என்றேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில்.

"வாணாம் கஸ்பாரு. நாளைக்கி இன்னா ஆனாலும், ஹபீபுல்லா உள்ள வரலைன்னு உனுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

படியிறங்கிப் போய்விட்டார். நான் எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்தேன்.