கொன்னா என்றால் வீடு கிடைக்கும்

என் கல்புக்குள், நெஞ்சுக்குள் இருக்கிற மச்சான் அன்சாருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் சாய்ந்தமருது முழுக்க நீயே சொல்லித் திரிந்திருப்பாய். போன கிழமை பள்ளிக்கூடப் பரிசளிப்பில் நன்றியுரை என் தலையில் விழுந்தது. வெளிநாட்டு விருந்தாளி வந்திருந்ததால் இங்கிலீசில். எழுந்து நின்று, "வீ கொன்னா தேங்க் யூ" என்றேன். பள்ளிக்கூட அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் இருந்த உன் பொஞ்சாதி, என் தங்கச்சி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் உன் வேலை. 'கோயிங் டு' வாய்க்குள் உருகினால் 'கொன்னா', 'வோன்ட் டு' உருகினால் 'வொன்னா' என்று கட்டாரில் லொறி ஓட்டிப் படித்துவந்து எனக்குப் பழக்கியவன் நீ. "மேடைக்கும் கடுதாசிக்கும் இதுகளக் கொண்டு போகாத மச்சான், சாரத்தோட கந்தோருக்கு வேலைக்குப் போற மாதிரி" என்று எச்சரித்ததும் நீதான். அதைத்தான் மறந்துவிட்டேன்.

விருந்தாளி யார் தெரியுமா? கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அகதி முகாமுக்கு வந்தாரே, வீடு கட்டிய நெட்டை இஞ்சினியர். அவரேதான். தலைமுடி கொட்டிவிட்டது, நெட்டை அப்படியே இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வீட்டுப் பட்டியலில் குடும்பத் தலைவர் என்று உன் பெயரைப் போட்டிருந்தார்கள். வேறு ஊர் ஆம்பிளை என்றால் சந்தோசப்பட்டிருப்பான். நீ பதறிப்போனாய். அலை கொண்டுபோன வீடு உம்மா தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தது. பிறகு உங்கள் மகள் ஹஸ்னாவுக்குப் போகவேண்டியது. நம் ஊரில் மாப்பிள்ளை, வீட்டுக்கு வந்து சேருகிறவன்தானே? "என்ட பேருல வீடிருந்தா நான் எப்படி ஊருக்குள்ள நடக்கிற? பொஞ்சாதிய வாடகைக்கு வெச்சிருக்கான் எண்டு சிரிப்பானுகள்" என்றாய். சிரிப்புக்குப் பின்னால் உன் பயம் எனக்குத் தெரியும். பட்டியல் அப்படியே போனால் தங்கச்சிக்குச் சொந்தமாக ஒரு கூரையும் இல்லை.

பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டோம். முகாம் கூட்டத்தில் இஞ்சினியர் ஒரு தாளைப் பார்த்து, "ஐ ஆம் கோயிங் டு கன்சிடர் திஸ் மேட்டர்" என்று வாசித்தார். நீ என் காதில், "கிடைக்கா மச்சான். எல்லாச் சொல்லையும் முழுசாச் சொல்றான்" என்றாய்.

பகலைக்குச் சோறு தின்ன அவரைக் கூடாரத்துக்குக் கூட்டிவந்தோம். தங்கச்சி உறைப்பாகப் பாரை மீன் ஆணம் வைத்திருந்தாள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வடிய வடியத் தின்றார் மனுசன். வீடு யாருடையது என்று நீ மறுபடியும் விளங்கப்படுத்தினாய். விரலைச் சூப்பிக்கொண்டே, "ஓகே, ஐம் கொன்னா சேன்ஜ் த நேம்" என்றார். நீ என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் வலிக்கிறது. "பத்திரம் வந்துட்டு மச்சான். சொல்ல முழுங்கிட்டான், சொந்தக்காரன் ஆயிட்டான்."

வீடு தங்கச்சியின் பெயருக்கே வந்தது. அதற்குப் பிறகு எந்த வெள்ளைக்காரர் என்ன வாக்குக் கொடுத்தாலும், "கொன்னா எண்டு சொன்னாரா?" என்று முகாம் பொம்புளைகள் கேட்கத் தொடங்கினார்கள். இல்லை என்றால் எழும்பிப் போய்விடுவார்கள்.

சண்டை முடிந்து ரோட்டில் செக்பொயின்ட்களைக் கழற்றியதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாய். ஹஸ்னாவின் கலியாணத்துக்கு நிற்கவில்லை. அக்கரைப்பற்று மாப்பிள்ளை. அந்த வீட்டில்தான் இருக்கிறான், உன் கதிரையில் இருந்து பேப்பர் பார்க்கிறான். நல்ல பொடியன், என் பகிடிகளுக்கு மட்டும் சிரிக்கிறானில்லை. உனக்கு அங்கே யார் மச்சான் பகிடி சொல்கிறார்கள்?

தங்கச்சிக்கு ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன், சத்தியம். தன் ஆணம்தான் இஞ்சினியரைச் சொல் முழுங்க வைத்தது என்று அவள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறாள், திரியட்டும். பரிசளிப்பு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது உன் கண்டுபிடிப்பை அவரிடம் எடுத்துச் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்கும் இங்கிலீசு தாய்மொழி இல்லையாம், பின்லாந்துக்காரராம். சினிமாப் பார்த்துப் படித்ததாம். 'கொன்னா' தவிர வேறு விதமாகச் சொல்லவே வராதாம். அன்று முழுச் சொல்லாக வாசித்த தாளை எழுதியது அவருடைய கந்தோராம்.

உன் பொஞ்சாதியின் நானா,
மஜீத்