வலக்கண்ணுக்கு ஆறு, இடக்கண்ணுக்கு மூன்றரை

இன்று காலை நீச்சல் கண்ணாடிப் பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாடை குப்பென்று அடித்தது. முதலில் அழுகை வந்தது, பிறகு உன்மேல் கோபம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறேன். ஏன் இரண்டு என்று கேட்காத ஒரே ஆள் நீ. அந்த நீதான் இல்லை.

நாம் சிநேகமானதே மூக்குக் கண்ணாடிக் கடையில்தான். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேரும் பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போகும்போது ஒருத்தியுடையதை மற்றவள் மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தோம். நீ பேகம்பூரில் பிரியாணிக் கடை நடத்துகிறவள். நான் கணக்கு டீச்சர். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து நான் வர, நீ சோற்றுப் பொட்டலத்தோடு பஸ் ஸ்டாண்டில் நிற்க, சாணார்பட்டிப் பக்கம் என் அண்ணன் தோட்டத்துக் கிணற்றுக்கு நீந்தப் போவது வழக்கமாயிற்று.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குக் கிணறு வெறும் பச்சை. ஒரு நாள் படிக்கட்டு என்று நினைத்து மோட்டார்க் குழாயில் போய் நெற்றியை மோதிக்கொண்டேன். மூன்று தையல். "கண்ணு தெரியாதவளுக்குக் கிணத்துல என்ன வேலை?" என்று அண்ணன் தடை போட்டுவிட்டார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நான் அடங்கிவிட்டேன். நீதான் அடங்கவில்லை.

விளையாட்டுச் சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாய். கடைக்காரர் சிரித்தார். "தண்ணிக்குள்ள என்னம்மா படிக்கப் போறீங்க? சாதாவே போதும்."

"கரை எங்கிட்டு இருக்குன்னு படிக்க வேணாமா? பவர் உள்ளதை எடுங்க" என்றாய்.

இருந்ததிலெல்லாம் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர். எனக்கோ வலக்கண்ணில் மைனஸ் ஆறு, இடக்கண்ணில் மூன்றரை. "இம்புட்டுத்தானா? ஆறுல ஒண்ணு, மூணரையில ஒண்ணுன்னு ரெண்டு சோடி எடுடி, பிரிச்சு மாட்டிக்கிருவோம்" என்றாய். வாரைப் போடாமல் கண்ணில் அழுத்திவிட்டுக் கையை எடுக்கச் சொன்னாய். "செத்த நேரம் ஒட்டி நின்னா தண்ணி புகாது. விழுந்துச்சுன்னா அந்தச் சனியனைத் திருப்பிக் குடுத்துரு."

கிணற்று மேட்டில் உட்கார்ந்து நீயே பிரித்து மாட்டித் தந்தாய். போட்டுக்கொண்டு எழுந்தவள் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியை முகத்துக்கு எதிரே பிடித்து, உன் வலப்பக்கம் இருந்ததை என் வலக்கண் என்று எண்ணிவிட்டாய். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து எதிரே நிற்கிறவர்களையே பார்த்துப் பழகியவள் அல்லவா! நீ சிரித்த சிரிப்பில் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். "மொறைக்காதீக அண்ணே, மாத்தியாச்சு. நான் கூடவே இருக்கேன்" என்றாய். உன் பேச்சை நம்பித்தான் அவர் விட்டார். இறங்கினேன். படி தெரிந்தது. கல்லிடுக்கில் முளைத்த செடி தெரிந்தது. தண்ணீருக்கு நடுவில் முதல் தடவையாக உன் முகம் தெரிந்தது.

கூடவே இருப்பதாகச் சொன்னவள், போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்து நாலே நாளில் போய்விட்டாய். நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை.

"அவதான் இல்லையே, இனி எவளை நம்பி இறங்குவ? கிணத்துக்கு மேல கம்பிவலை போடப் போறேன்" என்றார் அண்ணன். பழைய கண்ணாடியின் ரப்பரும் வெடித்துப் போயிருந்தது. எல்லோருக்கும் வசதியாயிற்று. "போடுங்க, வெட்டிட்டு இறங்குறேன்" என்றேன். தனியாகப் போய் இரண்டு சோடி வாங்கினேன். அதே கடைக்காரர், அதே சிரிப்பு. இந்தத் தடவை நானே அவர் வாயை அடைத்தேன்.

இன்று கண்ணாடியை நானே பிரித்து, நானே சரியாக மாட்டினேன். "துணைதான வேணும்? மேட்டுல நீங்க உட்காருங்க" என்று அண்ணனை உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். ஆளுக்கு ஐந்து சுற்று என்பது நம் கணக்கு. ஐந்து முடிந்ததும், "போதும், ஏறுத்தா" என்றார்.

"இது அவளுது அண்ணே. என்னுது இனிமேத்தான்" என்றேன்.

எழுந்தவர் மறுபடி மேட்டில் உட்கார்ந்தார். நான் சுவரை உதைத்துத் திரும்பினேன். இனி எல்லா ஞாயிறும் பத்துதான்.