சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றவனுக்கு

என் பிரியமான சவரி அண்ணனுக்கு,

மறுபடியும் தீபாவளி வரப்போகிறது. தி. நகரில் நீ வேலை பார்த்த ஜவுளிக்கடை வாசலில் துணி மூட்டைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. உனக்குப் பதிலாக வேன் ஓட்டுகிறவருக்கு நாற்பது வயது இருக்கும். போன வாரம் பாண்டி பஜார் முனையில், போலீஸ்காரர் போகச் சொல்லிக் கை காட்டியும் வேன் நகரவில்லை. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்த பிறகுதான் அந்த மனிதர் ஸ்டீரிங்கிலிருந்து தலையைத் தூக்கினார். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஊரில் இப்போது ஒரு பேச்சு. வண்டி ஓட்டப் பதினெட்டு வயது போதாது, இருபத்தொன்று ஆக்க வேண்டும் என்று சர்க்காருக்கு மனுக் கொடுக்கப் போகிறார்களாம். அதற்காக மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். உன் கதையும் அங்கே அடிபடும் என்று கேள்விப்பட்டு அம்மாவும் நானும் போனோம். அம்மா மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வந்தாள்.

ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் தலைமை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "பதினெட்டு வயசுங்கறது கொழந்தைதானே? அவா கையில வண்டியைக் குடுத்துட்டு நாம ஆத்துல நிம்மதியா உக்காந்திருக்க முடியறதா?" என்று கேட்டார். சைக்கிளில் போன அவர் பேத்தியை ஒரு கார் தட்டிவிட்டதாம். ஓட்டியவன் அடையாற்றில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. வயது பதினைந்து, லைசென்ஸே கிடையாது, அப்பாவின் காரை எடுத்து வந்திருக்கிறான். பதினெட்டையே மதிக்காத வீட்டுக்கு இருபத்தொன்று என்று எழுதிக் காட்டி என்ன ஆகப்போகிறது? அம்மாவின் காதில் இதைச் சொன்னேன். "வாய மூடிக்கினு கேளுடி," என்றாள்.

அடுத்து உன் முதலாளி எழுந்தார்.

"எங்க கடையிலயும் சவரின்னு ஒரு பையன் இருந்தான். தங்கமான பையன். பத்தொம்பது வயசுதான். போன தீபாவளிக்கு முன்னால சைதாப்பேட்டைப் பாலத்துக்கிட்ட வேனைக் கொண்டுபோய்ச் சுவத்துல மோதிச் செத்துப்போனான். வயசு வேகம். அந்த வயசுல என்னத்தத் தெரியும்? அதான் சொல்லுதேன், வயச ஏத்துங்க."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே துடைத்துக்கொண்டார், அண்ணே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேகமா உன்னைக் கொன்றது?

நம் குப்பத்தில் யாரும் யாருக்கும் வயது கேட்பதில்லை. மீசை முளைக்காதவனும் கட்டுமரம் ஏறுகிறான். ஆனால் தூங்காதவன், உடம்புக்கு முடியாதவன், விடியற்காலையில் துடுப்பை மணலில் குத்தி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பான். அவன் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஏன் என்று மற்றவர்களும் கேட்க மாட்டார்கள். அவனை விட்டுவிட்டு மரம் போய்விடும்.

நீ கடையிலும் அதையேதான் செய்திருக்கிறாய். உன்னோடு மூட்டை தூக்கிய கபாலி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னான். லாரி ஷெட்டுக்கும் கடைக்குமாக இரண்டு இரவு தூங்காமல் ஓட்டிவிட்டு, காலையில் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, சுவரோரம் போய் ஒன்றும் பேசாமல் நின்றாயாம். நீ போனஸுக்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று அவர் நினைத்துவிட்டார். "என்னலே, மாப்பிள்ளை முறுக்கா? தீபாவளி முடியட்டும், வேட்டி சட்டை எடுத்துத் தாரேன். டீயைக் குடிச்சிட்டு இன்னொரு நடை அடிச்சிட்டு வா," என்று சாவியை உன் சட்டைப் பையில் போட்டாராம். நீயும் டீயைக் குடித்துவிட்டுப் போனாய்.

முடியாது என்று ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை? ஊர் முழுக்க நம் குப்பம் மாதிரி என்று நினைத்துவிட்டாயா?

கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். "அண்ணாச்சி, இருபத்தொரு வயசு ஆனவன் ரெண்டு ராத்திரி தூங்காம வண்டி ஓட்டலாமா?"

"யாரு இது?"

"சவரியோட தங்கச்சி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "முடியலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே தாயி," என்றார். விட்டிருப்பாரா, அண்ணே? அவரோடு வேலை பார்த்தவன் நீ. உனக்குத்தான் தெரியும்.

வக்கீல் இடையில் வந்தார். "வேலை நேரம் வேற விஷயம்மா. அதை வேற கூட்டத்துல பேசிக்கலாம்." அந்த வேறு கூட்டத்தை எவனும் கூட்டப்போவதில்லை என்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

வயதை உயர்த்தச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை. அம்மா தன் கையைத் தூக்கினாள். பிறகு என் கையையும் பிடித்துத் தூக்கினாள். நான் இறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அம்மா சொன்னாள்: "செத்தவனுக்காவா தூக்குனேன்? கீறவனுக்குடி. இருவத்தொண்ணு ஆக்குனா, மூணு வருசம் எம் புள்ள என் கண்ணு முன்னால கெடப்பான்."

நம் தம்பி அந்தோணிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. லைசென்ஸ் வாங்கிவிட்டான். கோடம்பாக்கத்தில் ஒரு சினிமா கம்பெனி வேனுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நாங்கள் கை தூக்கியதைக் கேள்விப்பட்டுச் சிரித்தான். "இன்னாக்கா, ஓட்டுப் போடவே இருவத்தொண்ணு ஆவணும், உனக்கே இன்னும் ஓட்டு கெடையாது. நீ எனக்குச் சட்டம் போடுறியா?"

 அந்தச் சட்டம் உன்னைக் காப்பாற்றியிருக்காது, வேறொருவனை அதே வேனில் ஏற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது நாளைக்கே வந்து, அந்தோணி லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று கோயிலில் முட்டி போட்டு வேண்டுகிறேன். இரண்டும் நான்தான். எது சரி? யோசித்து யோசித்து அலுத்துவிட்டது, அண்ணே.

நேற்று அவனோடு நானும் கோடம்பாக்கம் போனேன். மானேஜரிடம் நேராகவே சொன்னேன். "சார், ராத்திரி ஷூட்டிங்ல முழிச்சிருந்தா, தூங்காம இவன் வண்டி எடுக்க மாட்டான். இப்பவே சொல்லிடறேன்."

அவர் அந்தோணியைப் பார்த்தார். "இன்னா நைனா, அக்காவ இட்டுக்கினு வந்துகீற, தொட்டிலை எங்க வுட்டுட்டு வந்த?"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குப் பின்னால் காத்திருந்த பையனிடம் சாவி போய்விட்டது. அவனுக்கும் பதினெட்டுக்கு மேல் இருக்காது. ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டான். அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ.

அந்தோணி என்னை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போனான். இன்றைக்கும் என்னோடு பேசவில்லை. நான் பரிமாறினால் சாப்பிடவும் மாட்டேன் என்கிறான்.

அவன் இன்னொரு வேன் தேடுவான், கிடைக்கவும் செய்யும். சட்டம் பதினெட்டில் நின்றாலும் இருபத்தொன்றுக்கு ஏறினாலும், அவன் போகிற ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு ஷெட்டுக்கும் நானும் போய் நின்று, முடியாது என்பதை வாயைத் திறந்து சொல்லுவேன். அவனுக்கும் சொல்லப் பழக்குவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அவன் காலமெல்லாம் என்னோடு பேசாமல் இருக்கட்டும். பேசாமல் இருப்பதற்காவது அவன் இருக்கட்டும்.

உனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி,
ஸ்டெல்லா