எதிலும் சேராத குவியல்

காலையில் என் இரும்புக் கடை மேசையின் இழுப்பறையை இழுத்ததும் தேயிலை வாசம் வந்தது. உன் பட்டறையிலிருந்து எடுத்து வந்த காலி ஜாம் பாட்டில் ஒன்று உள்ளே கிடந்தது. மேகம் வீட்டுக்குள் புகுந்து இரும்பைத் துருவாக்குகிற ஊரில், ஸ்குரூ போட்ட ஒவ்வொரு பாட்டிலிலும் தேயிலைத் தூளைத் துணியில் முடிந்து போட்டு வைத்தவன் நீ. தூள் ஈரத்தை இழுத்ததென்னவோ உண்மை. முடிச்சில் பட்ட ஸ்குரூவெல்லாம் மைபோல் கறுத்ததும் உண்மை.

"ஏம்ப்பா, ஸ்குரூவுல கஷாயம் வெக்கறயா?" என்று கேட்டேன்.

"கறுத்தா என்ன, மரை ஏறுதல்ல? நீ விக்கறது பளபளன்னு இருக்கும், ரெண்டு மழைல புட்டுக்கும்" என்றாய்.

வியாபாரியின் முகத்துக்கு நேரே சரக்கைக் குறை சொல்ல உனக்கு மட்டும் கூச்சமே கிடையாது. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்று வீட்டுக்குப் பின்னால் ரிப்பேர்ப் பட்டறை போட்ட பிறகும் சரி, கடைக்கு வந்து ஒரே ஒரு போல்ட் கேட்பாய். டஜனாகத்தான் தருவேன் என்பேன். அப்புறம் ஒன்றைத்தான் தருவேன்.

நீ போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. பந்தலுக்குக் கயிறு பத்தவில்லை என்றார்கள். கடையிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். ஆள் வந்தார்கள், போனார்கள். மறுநாள் வழக்கம்போலக் கடை திறந்தேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது, மரத்துப்போன பல் மாதிரி.

போன வாரம் உன் வீட்டுக்காரம்மா கூப்பிட்டு அனுப்பியது. மகளோடு மேட்டுப்பாளையத்தில் இருக்கப் போகிறதாம், வீட்டை வாடகைக்கு விடுகிறதாம். "பட்டறைல என்ன கிடக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாதுங்ணா. நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்றது.

அலமாரி நிறையப் பாட்டில்கள். எதிலும் சீட்டு ஒட்டவில்லை. ஒவ்வொன்றிலும் நீளம், குட்டை, தடி, மெலிசு எல்லாம் கலந்து கிடந்தன. இதற்காக நாம் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறோம்! அளவு பார்த்துப் பிரித்து வை என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். "நீ அளவு பாக்கற. நான் யாரோடதுன்னு பாக்கறேன்" என்பாய். எனக்கு அது சோம்பேறியின் சால்ஜாப்பாகத்தான் பட்டது.

எல்லாப் பாட்டில்களையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டினேன். முப்பது வருடத் தொழில். மனசு எங்கே இருந்தாலும் கை பிரித்துவிடும். கடையிலிருந்து கொண்டுவந்த நட்டைப் போட்டுப் பார்த்து, அந்தந்த அளவை அந்தந்த டப்பாவில் போட்டேன். கடைசியில் எந்த நட்டும் ஏறாமல் ஒரு சின்னக் குவியல் மிஞ்சியது. எதிலும் சேராத சரக்கை நான் வைத்துக்கொள்வதில்லை. பழைய இரும்புச் சாக்கில் தள்ளினேன்.

அப்போதுதான் செல்வி வந்தது. கீழ் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்து லயம் வீடுகளில் தையல் தைக்கிற பெண். மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததை விலக்கிக் காட்டியது. பிரித்துப் போட்ட தையல் மெஷின்.

"கழட்டி வெச்சுட்டு நாளைக்கு வான்னாருங்க. மறுநாள் வந்தேன், வாசல்ல பந்தல் போட்டிருந்துச்சுங்க" என்றது. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள லயத்துப் புள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தெச்சுக் குடுக்கணுங்க. துணியெல்லாம் வாங்கி வெட்டி வெச்சுட்டேன். எனக்கு வேற மெஷின் இல்லீங்க."

"அதோட ஸ்குரூவெல்லாம் எதுல போட்டான்?"

"பச்சை மூடி பாட்டிலுக்குள்ளீங்க."

பச்சை மூடி என் காலடியில் கிடந்தது. பாட்டில் காலி. செல்வி தாம்பாளத்தையும் டப்பாக்களையும் பார்த்தது.

"ஏனுங்ணா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டீங்களா?"

"பிரிச்சுத்தானே வெச்சிருக்கேன்."

"யாருக்குங்க பிரிச்சீங்க?"

நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஒரு பாட்டிலில் இருப்பதெல்லாம் ஒருத்தருடைய பொருளில் கழற்றியது. வேண்டுமென்றேதான் அப்படிக் கலந்து வைத்திருக்கிறாய்.

அப்புறம்தான் வியாபார மூளை வேலை செய்தது. தையல் மெஷினின் மரை தனி ரகம். என் கடையில் இருக்கிற எந்த நட்டும் அதில் ஏறாது. பழைய இரும்புச் சாக்கைத் தரையில் கவிழ்த்தேன். அந்தக் குவியல்தான் முதலில் விழுந்தது; அள்ளித் தாம்பாளத்தில் போட்டேன்.

உன் திருப்புளியை நான் பிடித்தேன். செல்வி ஒவ்வொரு ஸ்குரூவாக எடுத்து ஓட்டைகளில் விரலால் திருகிப் பார்த்தது. சரியாக இறங்கினால் "இதுதானுங்க" என்னும், நான் முடுக்குவேன். தட்டு, பாபின், ஊசிக் கம்பி எல்லாம் ஏறின. நடுவில் வீட்டுக்காரம்மா பாலில்லாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தது, ஆறிப்போனது. கடைசியாகச் செல்வி சக்கரத்தைச் சுற்றி ஒரு கந்தலில் தையல் ஓட்டியது. நேராக விழுந்தது.

"வந்துடுச்சுங்ணா!"

தாம்பாளத்தில் ஒரு ஸ்குரூ மிச்சம் இருந்தது. அரிசி அளவுதான்.

"இது எங்கீங்க போறது?"

"ஏம்ப்பா, இது எங்க போறது?" என்று நான் கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

குரல் கொடுத்த பிறகுதான் யாரைக் கூப்பிட்டேன் என்று தெரிந்தது. வீட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டது. செல்வி, "ஓடுதுல்லீங்க, விடுங்கண்ணா" என்று மெதுவாகச் சொல்லி, மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிற்று. யூனிஃபார்மெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொல்லி அனுப்பியது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லையாம்.

அந்த ஸ்குரூ என் சட்டைப்பையில் இருக்கிறது. எந்த டப்பாவிலும் அதற்கு இடமில்லை. தினமும் சட்டை மாற்றும்போது எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொள்கிறேன்.